ராமுவுக்கு, முட்டிவலி மாத்திரை பற்றி

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி காதுகுத்து நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். ஆனால் கடைசியில், போகிற போக்கில், "முட்டிவலிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன், நாலு மாசமாக வண்டி ஓடுகிறது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

என் கதையை நான் உனக்குச் சொல்லவில்லை. வெட்கம்தான். போன ஆனியில் மச்சினன் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அந்த நேரம் பார்த்து இடுப்பும் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் சீட்டில்லாமல் மெடிக்கலில் உதிரியாகச் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் செட் மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பிரஷர் மாத்திரையையும் விடவில்லை. நாலாம் நாள் கால் வீங்கி, சிறுநீர் குறைந்துவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.9, அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். ஆறு மாதம் முன்னால் அதுவே 1.1.

என்னென்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார். பிரஷருக்கு, சுகருக்கு என்று ஒப்பித்தேன். வலி மாத்திரை வாயில் வரவே இல்லை. 31 வருஷம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியவன், அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை பார்! என் வீட்டுக்காரி, உன் தங்கச்சிதான் கைப்பையிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். வெள்ளை ஒன்று, ஆரஞ்சு ஒன்று, மஞ்சளில் பாதி. அட்டையை வெட்டிக் கொடுத்ததால் பேரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் எது என்னவென்று எனக்கே தெரியவில்லையே ஐயா" என்றார்.

அவர் விளக்கியதை உன் பாஷையில் சொல்கிறேன், வெண்ணாற்றில் மதகு ஏற்றி இறக்கியவன் நீ. சிறுநீரகத்து வடிகட்டிக்கு ரத்தம் வருகிற பக்கம் ஒரு மதகு, போகிற பக்கம் ஒரு மதகு. டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், இபுபுரூபன் வகை வலி மாத்திரைகள் வருகிற மதகை இறக்கிவிடும். டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை போகிற மதகைத் தூக்கிவிடும். கூடவே நீர் மாத்திரையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆற்றில் வரத்தே குறைந்துவிடும். அப்புறம் உள்ளே எங்கே தண்ணீர் நிற்கும்? எனக்கு நல்லகாலம், ஆறு வாரத்தில் 1.2-க்கு இறங்கியது.

நீலகிரி பக்கம் நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் ஞாபகம் வருகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், 2023-ல் அசிக்ளோபெனாக்கையும். பறவை உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. இருந்தாலும் அட்டையைப் பார்த்தால் அந்த நினைப்புதான்.

உன் விஷயம் என்னுடையதைவிட மோசம். நீ இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவன், தினம் ஆஸ்பிரின் போடுகிறவன். அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதயத்துக்கும் இவை ஆகாதவை.

இன்னொன்று. முகம் பளபளவென்று உப்பி, பசி கூடி, இளமை திரும்பிவிட்டதாக உன் வீட்டுத் தங்கச்சி கேலி செய்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதே பக்கத்தில் சுகர் 240 என்றும் எழுதியிருக்கிறாய். இளமையுமில்லை, ஒன்றுமில்லை. உன் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். சில வலிச் சூரணங்களிலும் அதைக் கலந்து விற்கிறார்கள். இதில் ஒரு சங்கடம், நாலு மாசம் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நீயாக நிறுத்துவதும் ஆபத்து. அதனால் இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடாதே. பொட்டலத்தோடு நாளைக்கே உன் இதய டாக்டரைப் பார்.

பாரசிட்டமால் மட்டும் போதுமே என்பாய். எனக்கும் இப்போது அதுதான். ஆனால் அதிலும் கூட்டல் தெரிய வேண்டும். அசிக்ளோபெனாக் கலந்த மாத்திரையில் அது 325 மில்லிகிராம் இருக்கும், இரண்டு வேளைக்கு 650. தனியாக 650 மூன்று வேளை, 1950. சளிக்கென்று வாங்கும் மாத்திரையில் 500 வீதம் மூன்று, 1500. ஆக 4100. நல்ல ஈரல் உள்ள ஆளுக்கே ஒரு நாள் எல்லை 4000தான், நம் வயதுக்கு அதைவிடக் குறைத்தே சொல்கிறார்கள்.

இடுப்பு நரம்பு இழுப்புக்கு எனக்கு ராத்திரி பிரிகாபலின் கொடுத்திருக்கிறார், சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைத்து. முதல் வாரம் தலை சுற்றி, பாத்ரூமில் விழ இருந்தேன். இப்போது எழுந்தால் கட்டில் ஓரம் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடை. உனக்கும் இதையோ டிரமடால் என்ற வலி மாத்திரையையோ எழுதினால், தீபாவளிக்கு மருமகன் கொண்டுவரும் பாட்டிலைத் தொடாதே. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும்.

முட்டிக்கு மேலே தடவுகிற ஜெல்லைக் கேட்டுப் பார், ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும். பிசியோகாரர் எனக்குச் சொன்ன பயிற்சி அற்பமாகத் தெரிந்தது: முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்திக் காலை நீட்ட வேண்டும். இரண்டு மாதத்தில் படியேற முடிகிறது.

2016 மகாமகத்தில் குளத்துப் படியில் நீ என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாய். அடுத்தது 2028. அதற்கு முன்னால், ஐப்பசியில் இங்கே வருகிறாய் அல்லவா, வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை, சூரணம், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வா. பழைய பேரேடு ஒன்று காலியாக இருக்கிறது, உட்கார்ந்து எழுதுவோம்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன்
கோபாலன்