செவலைய வித்தாச்சு மச்சான்

டேய் குமாரு,

நல்லாருக்கியா, வீட்டுல எல்லாரும் சொகமா? தீபாவளிக்கு நீ அனுப்புன மெசேஜுக்கு பதிலே போடலன்னு திட்டிக்கிட்டுத்தான் இருப்ப, திட்டு. ஆனா இது போன்ல தட்டுற விசயம் இல்லடா, அதான் ஒக்காந்து எழுதுறேன். எங்க மாடு செவலைய வித்தாச்சு.

அம்மாவுக்கு முழங்கால் ரொம்ப மோசம், மேட்டுல ஏறி புல்லு அறுக்க முடியல, தம்பி கொழும்புல, நான் ஸ்கூல் விட்டு வந்து மலையேறுனா இருட்டும் அட்டையும்தான். யாவாரி வந்தான், பல்ல புடிச்சு பாத்தான், மடிய தொட்டு பாத்தான், காச எண்ணி நீட்டுனான். அம்மா காசப் பாக்கவே இல்ல, கயித்த அவுத்து எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. மாட்ட வித்தாலும் கயித்த குடுக்கக் கூடாதுல்ல. அவனும் விசயம் தெரிஞ்ச ஆளு, சாக்குல புதுக் கயிறு கொண்டு வந்திருந்தான்.

சரி, நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது. அன்னைக்கு ராத்திரி மக இங்கிலீஷ் புத்தகத்த வச்சிக்கிட்டு "அப்பா, கேட்டில்னா மாடுகள், அப்ப ஒரு மாட்டுக்கு என்ன?"ன்னு கேட்டா. யோசிச்சுப் பாரு, அந்த சொல்லுக்கு ஒருமையே இல்ல! ஒண்ணுன்னா கவ், புல், வேற ஏதாவதுதான் சொல்லணும். எண்ணணும்னா "பத்து தலை கேட்டில்"னு தலைய எண்ணுவாங்களாம். அப்புடியே நோண்ட ஆரம்பிச்சேன், உனக்குத் தெரியுமே என் புத்தி, நம்ம டியூசன் வாத்தியாரு ஒட்டகம் சாரே கையெடுத்துக் கும்புட்டவரு.

லத்தீன்ல 'கபுத்'னா தலை. அதுல இருந்து 'கப்பிட்டாலே', அதாவது முதல், கைமுதல். அது நார்மன்காரங்க பேசுன பிரெஞ்சு வழியா 13ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துக்குள்ள வந்து கேட்டில் ஆகியிருக்கு. அப்ப அது மாடு மட்டும் இல்லடா, தூக்கிட்டு ஓட்டிட்டு போகக் கூடிய சொத்து எதுவும் கேட்டில்தான், அப்புறமும் குதிர, ஆடு, பன்னின்னு எல்லாத்தையும் சேத்து சொல்லிருக்காங்க, போகப் போகத்தான் மாட்டுக்கு மட்டும்னு நின்னுச்சு. நம்ம பேங்க்காரன் சொல்ற கெப்பிட்டல், அசையுற சொத்துக்கு வக்கீல் சொல்ற சாட்டல், செவலை, மூணும் ஒரே வயித்துல பொறந்ததுங்க! லத்தீன்ல பணத்துக்கு 'பெகூனியா', அதுவும் மந்தையில இருந்து வந்ததுதான். ஃபீஸ் கட்டுறோமே, பழைய இங்கிலீஷ்ல 'ஃபெயோ'ன்னா மாடு, பணம் ரெண்டுமே. நம்ம டியூசன் ஃபீஸ் எதுல இருந்து வந்துச்சுன்னு ஒட்டகம் சாருக்கு தெரியாது, அம்மா விடியக்காலையில குளிர்ல போய் பால் ஊத்துன காசு அது.

இதுல நம்மாளுங்க ஒண்ணும் கொறஞ்சவங்க இல்ல. "கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை", 400ஆவது குறள், வள்ளுவருக்கும் மாடுன்னா செல்வம். நீ எழும்பி நின்னு "படிச்சவன் மாடு இல்ல சேர்"னு பொருள் சொல்லி அடி வாங்குனியே, அதே குறள்தான்.

இதுவரைக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு மச்சான், தலைய எண்றதுன்னு வந்த எடத்துல நின்னுட்டேன். தாத்தா சொல்லுவாருல்ல, தலைக்காசு. ஆளுங்க வேலைக்கு எறங்குனா தலைக்கு இவ்வளவுன்னு கங்காணிக்கு, அதான் ஆள் கூட்டிட்டு வந்து வேலை வாங்குறவனுக்கு, தேயிலைத் தோட்டத்துல குடுத்த காசு. ஆளு எவ்வளவு கடன்னு எழுதுன துண்டு வேற, அந்தக் கடன கட்டுனாத்தான் அடுத்த தோட்டத்துக்காரன் ஆள எடுக்க முடியும், 1921 வரைக்கும் அது ஓடிருக்கு. அமெரிக்காவுல அடிமைகள சட்டத்துலயே சாட்டல்னு வச்சிருந்தாங்க. நாம அது இல்ல, கூலிக்கு வந்த ஆளுங்க, ரெண்டையும் ஒண்ணாக்குனா பொய்யாயிரும், எனக்கு அந்த மாதிரி பேச்சே புடிக்காது.

ஆனா 1964 என்னடா? இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து, குடியுரிமை இல்லாத நம்ம ஆளுங்க 975,000 பேர பிரிச்சாங்க. 525,000 இந்தியாவுக்கு, 300,000 இங்க இலங்கைக்கு. மிச்சம் 150,000 அப்பறம் பாத்துக்கலாம்னு வச்சுட்டாங்க, பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி கன்னுக்குட்டிய தனியா கட்டி வைக்கிற மாதிரி. பத்து வருசம் கழிச்சு 1974ல அதையும் 75,000, 75,000னு சரி பாதியா வெட்டுனாங்க. அது எப்புடி அவ்வளவு சரியா பாதி வரும்? பேரு, ஊரு, குடும்பம் பாத்து பிரிச்சிருந்தா அப்புடி ஒரு கணக்கு வருமா? உங்க பெரியப்பா குடும்பம் கோத்தகிரிக்கு போச்சு, உங்கப்பா நின்னுட்டாரு, எங்க தாத்தா எந்த நம்பர்ல இருந்தாருன்னு சாகுற வரைக்கும் அவருக்கே தெரியாது. எவனும் கேக்கல. எனக்கு இத எழுதும்போதே கோவம் வருதுடா, மாட்டு யாவாரியாவது பல்ல புடிச்சுப் பாத்தான்.

இன்னொரு கூத்து, செவலை அயர்சயர் கலப்பாம், மாட்டு டாக்டரு சொன்னாரு. அந்த சாதி ஸ்கொட்லாந்துல அயர்சயர்ங்குற எடத்துல உருவானது. கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துல 1867ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரன். தொரையும் அங்கேருந்து, மாடும் அங்கேருந்து, புல்லு அறுக்க மட்டும் நாம.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். மாடுன்னா சொத்துன்னு அர்த்தம்மான்னு. "சொத்துக்கு யாருடா பேரு வைப்பா"ன்னு கேட்டுட்டு பாத்திரம் கழுவப் போயிருச்சு. காச மக பேருல பேங்க்ல போட்டாச்சு, அதுல ஒரு சதம் அம்மா தொடல.

இப்ப புதுசா ஒரு வம்பு. ஆடு வாங்கலாம்னு ஆரம்பிச்சிருக்கு, ஆட்டுக்கு புல்லு அறுக்க வேணாமாம், எலை தழை போதுமாம். ஆடு தேயிலைக்குள்ள பூந்தா கங்காணி யாருகிட்ட வருவான், என்கிட்டத்தான். உன் மாமியாரு பண்டாரவளையில ஆடு வச்சிருந்தாங்கள்ல, என்ன செலவு, எப்புடி சமாளிச்சாங்கன்னு கேட்டு எழுது. முடிஞ்சா வேணாம்னு அவங்களையே அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து சொல்லச் சொல்லு, நான் சொன்னா எடுபடாது.

ஏப்ரல் லீவுக்கு வர்றியாமே, பழனி சொன்னான். வா, ஆனா இங்க வந்து பசும்பால் டீ எங்கன்னு கேக்காத, பக்கெட் பால்மாதான், அதுவும் இப்ப விக்கிற வெலைக்கு பாதிக் கப்புதான்.

உன்,
சேகர்