புகார் கொடுத்தவர் வீட்டுக்கு வரும் வக்கீல் நோட்டீஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு எதிரான குற்றம் பற்றிச் செய்தி போடும்போதெல்லாம் அடியில் "1098-க்கு அழையுங்கள், தயங்காமல் புகார் கொடுங்கள்" என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் தயங்காமல் புகார் கொடுத்தவருக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வக்கீல் குமாஸ்தா. மானநஷ்ட நோட்டீஸ் எப்படித் தயாராகிறது என்று கிட்டத்தில் இருந்து பார்க்கிறவன். பழைய நோட்டீஸ் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. "எமது கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம்", "நிபந்தனையற்ற மன்னிப்பு", "தவறும் பட்சத்தில் சிவில் மற்றும் கிரிமினல் நடவடிக்கை", கூடவே வாங்கியவருக்குத் தூக்கம் போகிற அளவுக்கு ஒரு தொகை. சமீபத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, பள்ளி வேனில் உதவியாளராக வருகிறவர் தன் மகளிடம் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று தாளாளருக்கு எழுதிக் கொடுத்து, 1098-லும் சொன்னார். கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று காத்திருந்தவருக்குப் பள்ளியின் வக்கீலிடமிருந்து இந்த நோட்டீஸ்தான் வந்தது. "என்னை ஜெயில்ல போட்டுருவாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும் என்கிறது. அப்படி நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கும் செல்லாது, கிரிமினல் வழக்கும் செல்லாது என்று அதே பிரிவின் 7-வது உட்பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் மறைத்தால்தான் தண்டனை: 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை. மகாராஷ்டிரத்தில் ராஜுராவில் பழங்குடி மாணவிகள் விடுதி வழக்கில், சிகிச்சை கொடுத்த டாக்டர் தெரிந்தும் போலீசில் சொல்லவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது. ஆக, நோட்டீஸ் அனுப்பச் சொன்ன தாளாளர்தான் முதலில் ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டியவர்.

சரி, பாலியல் குற்றம் இல்லை, பிள்ளையை அடிக்கிறார்கள், விடுதியில் சாப்பாடு போடுவதில்லை என்றால்? அதற்குப் போக்சோ வராது. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கான 356-வது பிரிவுக்குள்ளேயே, பழைய சட்டத்தின் 499-ல் இருந்தது போலவே, விதிவிலக்குகள் இருக்கின்றன. எட்டாவது விதிவிலக்கு: நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு ஒருவர் மேல் புகார் சொல்வது அவதூறு ஆகாது. 1860-லிருந்து இருக்கிற விஷயம் இது. நோட்டீஸ் தட்டுகிற எல்லோருக்கும் தெரியும், வாங்குகிறவருக்குத்தான் தெரியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே அம்மா வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "வேன்ல போற பிள்ளைகளைக் கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க" என்று மற்ற அம்மாக்களுக்குச் சொல்லும்போதுதான். பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது என்று ஒன்பதாவது விதிவிலக்கைக் காட்டலாம். ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே, அதற்கு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும். தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று சொன்னதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது எம்.ஜே. அக்பர் 2018 அக்டோபரில் போட்ட அவதூறு வழக்கில் அவர் விடுதலையானது 2021 பிப்ரவரியில். அவருக்குப் பெரிய வக்கீல் இருந்தார், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. தினக்கூலி வீட்டுப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த அலைச்சலைக் காட்டித்தான் மிரட்டுகிறார்கள், ஜெயித்துவிடலாம் என்று நினைத்து யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

வாய்க்கு வந்தபடி எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. போட்டோவைப் போட்டு "இவன்தான், பார்த்தால் விடாதீர்கள்" என்று பரப்பியதில் ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையே போய், பிறகு தப்பு செய்த ஆள் அவரே இல்லை என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடு செய்தது என்றே பொருள். குழந்தை சொன்னதைக் குழந்தையின் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள், ஒன்றும் கூட்டாதீர்கள். 1098-ல் சொன்னாலும் ஸ்டேஷனிலும் எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் இல்லை. அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ அவதூறு செய்யவோ என்றே பொய்யாகக் கொடுத்ததற்குத்தான் போக்சோவின் 22-வது பிரிவில் தண்டனை, அதிலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

இனி உங்களிடம். பெயரைச் சொல்லாமல் "ஒரு தனியார் பள்ளி" என்று மட்டும் போடுகிறீர்கள் என்று வாசகர்கள் கோபப்படுகிறார்கள். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பள்ளி, தெரு, குடும்ப விவரம் எதையும் போடக்கூடாது என்று 23-வது பிரிவு சொல்வதால் அந்த எச்சரிக்கை சரிதான். ஆனால் குழந்தைக்கான அந்த மறைப்புக்குள் நிர்வாகமும் போலீசும் போய் ஒளிந்துகொள்ள நீங்கள் விடக்கூடாது. பெயர் போடாமலே கேட்க எவ்வளவோ இருக்கிறது. புகார் என்று வந்தது, எஃப்.ஐ.ஆர். எப்போது போட்டார்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போனதா, புகார் கொடுத்தவருக்கு யாராவது நோட்டீஸ் அனுப்பினார்களா? முதல் நாள் செய்தியோடு விட்டுவிட்டால் மிரட்டுகிறவருக்கு அதுவே வசதி.

என்னைக் கேட்டால் கிரிமினல் அவதூறே சட்டத்தில் இருக்கக்கூடாது. நமக்கு இதை எழுதிக் கொடுத்த இங்கிலாந்து 2009-ல் தன் ஊரில் ஒழித்துவிட்டது, இலங்கை அதற்கும் முன்னால் 2002-லேயே எடுத்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றமோ 2016-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது மாறும்வரை இருக்கிறதைப் பயன்படுத்த வேண்டியதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவுப்படி, தனிநபர் புகாரில் மாஜிஸ்திரேட் வழக்கை எடுத்துக்கொள்வதற்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பைக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். கோர்ட்டிலிருந்து அப்படி நோட்டீஸ் வந்தால் பயந்து வீட்டில் உட்காராமல் போலீசில் கொடுத்த புகாரின் நகலோடு ஆஜராகி எட்டாவது விதிவிலக்கை அன்றைக்கே எடுத்துச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
விருதுநகர் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)