யன்னலில் வைத்து "யாருடைய பிள்ளை?" என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதின்ம வயதுப் பிள்ளைகள் உடல் வருத்தத்தையும் மனக் கஷ்டத்தையும் ஒளித்துவைக்காமல் வைத்தியரையோ ஆலோசகரையோ நாடவேண்டும் என்று கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் அப்படி நாடிப் போகிற பிள்ளை முதலில் காண்பது வைத்தியரை அல்ல; என்னைப் போன்ற ஒருத்தியை. யாழ் மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில், துண்டு எழுதும் யன்னலுக்குப் பின்னால் 22 வருடங்கள் இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்த யன்னலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2011 ஆம் ஆண்டு. பாடசாலை விட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். வெள்ளைச் சீருடையுடன் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். கழுத்தில் பட்டி இல்லை. யாழ்ப்பாணத்தில் கழுத்துப்பட்டியின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பாடசாலை என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதைக் கழற்றிச் சுருட்டி உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். நுனி மட்டும் விரலிடுக்கால் வெளியே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர்.

"பெண் டொக்டர் இருக்கிறாரா?"

"என்ன வருத்தம்?"

ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "உரத்துச் சொல்லும் பிள்ளை, மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை" என்றேன். அவள் வாய் திறக்கவில்லை. சரி, முதலில் பெயரை எழுதுவோம் என்று பெயர், வயது, இடம் கேட்டேன். வயது 16. தகப்பன் பெயரைச் சொன்னதும் எனக்கு ஒரே புளுகம். "மாஸ்டரின் மகளா நீர்! உம்முடைய அம்மாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள் எல்லோ!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லை அன்ரி, பல்லுக் காட்டத்தான் வந்தனான். இன்னொரு நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பல் வைத்தியரின் அறை அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். அதன் வாசலைத் தாண்டித்தான் என் யன்னலுக்கு வரவேண்டும்.

அத்தோடு விட்டேனா? அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் தாயைக் கண்டபோது, "மகளுக்கு என்ன, சுகமில்லையா? எங்களுடைய ஆஸ்பத்திரிக்கு வந்தாளே" என்று கேட்டேன். விடுப்புக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டேன். தாயின் முகம் கறுத்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதன்பிறகு அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுவாள். ஒருநாள் நான் ஏறிய பஸ்ஸிலிருந்து, இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கிப் போனாள். அவளுக்கு என்ன வருத்தம் இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதவிடாய்க் கோளாறாக இருக்கலாம். நித்திரை வராமல் இருந்திருக்கலாம். எதுவாகவும் இருக்கட்டும், அதை அறியும் உரிமை எனக்கு இருக்கவில்லை.

நான் இருந்த கதிரைக்குப் பின்னால் சிறுவர் உரிமைகள் பற்றிய சுவரொட்டி ஒன்று வருடக்கணக்காகத் தொங்கியது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்று அதன் 16 ஆவது உறுப்புரை சொல்கிறது. சுவரொட்டியை வரிசையில் நின்றவர்கள் வாசித்தார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

"யாருடைய பிள்ளை, எந்த இடம்?" என்பது நம்முடைய ஊரில் வணக்கம் சொல்வதைப் போன்றது. இடம்பெயர்ந்து போன இடங்களில் அந்தக் கேள்விதான் நமக்கு ஒதுங்க இடமும் சோறும் தேடித் தந்தது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் வைத்தியசாலை யன்னலில் அதே கேள்வி பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இரகசியம் காப்பதில் நாம் வலு கெட்டிக்காரர். மருந்துக்கடையில் மாதவிடாய் அணையாடை கேட்டுப் பாருங்கள். பத்திரிகைத் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். (தங்கள் பத்திரிகையும் அந்தச் சேவைக்குப் பயன்படுகிறது என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்.) வெட்கப்பட ஒன்றுமில்லாத பொருளுக்கு இத்தனை மறைப்பு. மறைப்பு வேண்டிய இடத்திலோ "உரத்துச் சொல்லும்" என்கிறோம்.

இளையோருக்கென்று சுகாதார அமைச்சு நாட்டின் பல அரச வைத்தியசாலைகளில் 'யொவுன் பியச' நிலையங்களை நடத்துகிறது. சிங்களப் பெயர் என்பதால் அது தங்களுக்கானது என்றே நம் பிள்ளைகள் பலருக்கு விளங்குவதில்லை. 'இளையோர் இல்லம்' என்று தமிழில் பெரிதாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? நேரமும் ஒரு பிரச்சினை. வார நாள் காலையில் கிளினிக் வைத்தால் பிள்ளை பாடசாலைக்கு வராத காரணத்தைக் கடிதத்தில் எழுதி, தாய் தகப்பனின் கையெழுத்தோடு கொடுக்கவேண்டும். இரகசியம் அங்கேயே முடிந்தது. பாடசாலை விட்டு ரியூசன் தொடங்குவதற்கு இடையில் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலம்தான் நம் பிள்ளைகளுக்குச் சொந்தமான நேரம். அதற்குள் கதவைத் திறந்துவைக்க முடியுமா என்று அதிகாரிகள் யோசிக்கட்டும்.

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். உண்மை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இயங்குபவை. மன ஆறுதலுக்கான ஆலோசனை இலக்கமான 1333 இலும் கட்டணமின்றிப் பேசலாம். இந்த மூன்று எண்களையும் தங்கள் பத்திரிகை நாள்தோறும் இராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும். எல்லோர் கண்ணும் படுகிற இடம் அது. ஆனால் வீட்டில் தொலைபேசி தாயின் கையில் இருக்கும், அழைப்புப் பட்டியலில் 1926 என்று நிற்கும். அந்த நிறுவகம் இருக்கும் அங்கொடையின் பெயரையே நாம் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். நான் சிறுமியாக இருந்தபோது, இங்கே மனநோய்க்கு வைத்தியம் பார்த்த மந்திகையின் பெயரைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி ஏசிக்கொண்டே அங்கே போ என்று பிள்ளைக்குப் புத்தி சொன்னால் அது போகுமா?

இன்னொரு பயமும் உண்டு. "சாக நினைத்தேன் என்று சொன்னால் பொலிஸ் கேஸாகிவிடுமா அன்ரி?" என்று அந்த யன்னலில் ஒரு பையன் என்னிடம் கேட்டிருக்கிறான். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அவன் கேட்டபோது அது எனக்கே தெரியாது. "உள்ளே போய்க் கேளும்" என்று அனுப்பிவிட்டேன். அவன் உள்ளே போனான். அதில் எனக்கு ஒரு ஆறுதல்.

பெற்றோர் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளைக்கு என்ன இரகசியம் என்பார்கள். நானும் இரண்டு பெற்றவள். எல்லாவற்றையும் மூடி வைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாரோ அதைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ வைத்தியரும் ஆலோசகரும் சும்மா இருக்க முடியாது. இன்னதை மட்டும்தான் வெளியே சொல்வேன், மற்றது உன்னோடும் என்னோடும் என்று தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் போதும். அதைக் கேட்டபிறகு பேசுவதா விடுவதா என்று அது தீர்மானிக்கும். தாய்க்குச் சொல்லத்தான் வேண்டும் என்றால், பிள்ளை பக்கத்தில் இருக்க, ஆலோசகர் சொல்லட்டும். கோயில் வீதியில் வைத்து நான் சொன்னது போல அல்ல.

இப்போது யன்னலில் இருக்கும் தங்கைமாரிடம் நான் கேட்பது சிறிய விடயம். என்ன வருத்தம் என்று கேட்காதீர்கள். எந்த அறைக்குப் போகவேண்டும் என்று கேளுங்கள். பெயரைக் கூப்பிடாமல் இலக்கத்தைக் கூப்பிடுங்கள். தெரிந்த பிள்ளை வந்தால் தெரியாததுபோல் துண்டை எழுதிக் கொடுங்கள். வெளியில் தாயைக் கண்டால் கோயில் திருவிழாவைப் பற்றிக் கதையுங்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தகப்பனின் தொழிலை நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். என்றாலும் என் பெயரைப் போட்டால் எந்த ஆஸ்பத்திரி என்று கண்டுபிடிப்பார்கள், ஆஸ்பத்திரி தெரிந்தால், "அது யாருடைய பிள்ளை?" என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவு எழுதுநர்,
யாழ்ப்பாணம்.