முராய் வீட்டுச் சேதி

சுங்கை சிப்புட்
மே மாதம், ஞாயிறு காலை

அன்புக் கூட்டாளிக்கு,

பசியாறிவிட்டாயா? நான் ரொட்டி சானாய் வாங்கிவந்து வீட்டு வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள். வாட்சாப் இருக்க எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். நீ போன வாரம் மட்டும் 17 வீடியோ அனுப்பியிருக்கிறாய். அதற்கு நடுவே என் சேதியைப் போட்டால் எங்கே தேடுவாய்? பூனை பியானோ வாசிப்பதை நான் பார்த்து என்ன ஆகப்போகிறது, சொல்.

ஆனால் அதில் ஒன்று உருப்படியானது. பழைய பலகையில் குருவிக்கு வீடு செய்கிறானே ஒருவன், அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நம் தோட்டத்து லய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த பலகை கொட்டகையில் சும்மாதான் கிடந்தது. அறுத்து ஆணி அடித்துவிட்டேன். துளை 5 சென்டிமீட்டர். உளியால் குடைந்ததால் வட்டமாக வரவில்லை, பாதி தின்ற பிஸ்கட் மாதிரி இருக்கிறது. துளைக்குக் கீழே உட்கார ஒரு குச்சி வைக்கிறான் பார், அதை மட்டும் நான் வைக்கவில்லை. பொந்தில் கூடு கட்டும் குருவிக்கு அது தேவையே இல்லை. காக்கையும் மைனாவும் நின்றுகொண்டு உள்ளே கொத்தத்தான் உதவும். அடிப்பலகையில் நாலு ஓட்டை போட்டேன், நம் ஊர் சாயங்கால மழை தெரியுமே. பெட்டியை ரம்புத்தான் மரத்தில் கட்டாமல் இரும்புக் கம்பத்தில் ஏற்றி, பாம்பும் பூனையும் ஏறாமல் கம்பத்தைச் சுற்றித் தகரம் அடித்தேன்.

அடிக்கும்போது செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் துரை வைத்த ஆந்தைப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. கித்தா, அதான் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு எலித் தொல்லை தாங்காமல் கம்பத்துக்குக் கம்பம் வைத்தார்களே! ஆந்தை கத்தினால் எழவு விழும் என்று உன் அப்பா அந்தப் பக்கம் வேலைக்கே போகமாட்டேன் என்றார். கணக்கெழுதும் கிராணி தலையில் அடித்துக்கொண்டார். ஒரு ஜோடி கூகை குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்று அப்போது யார் நமக்குச் சொன்னார்கள்?

முதலில் மைனா இரண்டு வந்து வாடகை வீடு பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அப்புறம் ஒரு விடியற்காலை, வாலை நிமிர்த்திக்கொண்டு கறுப்பு வெள்ளையில் ஒன்று. முராய் கம்போங்! தமிழ்நாட்டில் குண்டுக்கரிச்சான் என்கிறார்கள். பங்களாதேஷுக்கு இதுதான் தேசியப் பறவை. நம் ஆட்கள் முராய் பத்துவைக் கூண்டில் அடைத்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகிறார்களே, அதற்கு இது உறவுக்காரன்.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அது இன்னும் பாடட்டும் என்று கைப்பேசியில் முராய் பாட்டு வீடியோவைத் தேடி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது என் தலைக்கு மேலேயே பறந்து பறந்து கத்தியது. அரை மணி நேரம் அடங்கவில்லை. என் வீட்டுக்காரி திட்டியதை எழுத இந்தத் தாள் போதாது.

முட்டை நாலு. பச்சையும் நீலமும் கலந்த வெளிர் நிறம், மேலே பழுப்புப் புள்ளி. அடைகாப்பது பெண் மட்டும்தான். அது இரை தேட வெளியே போகும் நேரம் பார்த்து, குச்சியில் கண்ணாடித் துண்டைக் கட்டி எட்டிப் பார்த்தேன். மூன்று பொரித்தது, ஒன்று கூமுட்டை. குஞ்சு வந்த பிறகு இரண்டுக்கும் ஓய்வே இல்லை. புழு, வெட்டுக்கிளி, ஒருநாள் முழுப் பல்லி! அதை எந்தக் குஞ்சு விழுங்கியதோ. வெள்ளிக்கிழமை கடைசிக் குஞ்சும் துளையில் நின்று வெகுநேரம் யோசித்துவிட்டு வேலிக்குத் தாவியது. பெட்டி இப்போது காலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி, உன் வீட்டுக்காரி, போய்ச்சேர்ந்ததிலிருந்து இராத்திரி இரண்டு மணிக்கும் நீ கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பதாக உன் மகள் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அந்த 17 வீடியோவும் எத்தனை மணிக்கு வந்தவை என்று பிறகுதான் பார்த்தேன்.

தூங்கு என்று சொன்னால் தூக்கம் வருமா? விழித்திருப்பதென்றால் அரை நிமிட வீடியோக்களை விட்டுவிடு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத் திடலில், விளக்குக் கம்பத்தில் செவ்வால் பருந்து கூடு கட்டுகிறது. 2012 முதல் கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள். இந்த மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். உனக்கு இராத்திரி இரண்டு என்றால் அங்கே மத்தியானம் இரண்டு, நல்ல வெயில். பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது, காற்றில் இறகு அசையும், அவ்வளவுதான். ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண் பருந்து 2017இல் செத்துப்போனது. பெண் அடுத்த ஆண்டு வேறொன்றோடு சேர்ந்தது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நடுராத்திரியில் நீயாகத் தெரிந்துகொண்டு கலங்கக்கூடாது என்றுதான்.

மூன்று மணிக்கு மேலும் தூக்கம் வரவில்லையென்றால் நியூசிலாந்து கேமராவுக்குப் போ. தையரோவா முனையில் அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் குஞ்சு ஒன்று, தாயும் தகப்பனும் கடலுக்குப் போய்விட, புல்லில் தனியாக உட்கார்ந்திருக்கும். கூட்டைவிட்டுப் பறக்க எட்டு மாதம் ஆகுமாம். நமக்கு அதிகாலை என்றால் அங்கே விடிந்துவிடும்.

பகலில் இங்கே வா. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வந்து ரயில் ஏறினால் போதும், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். நேற்றுப் பழைய கூட்டை எடுத்துப்போட்டுப் பெட்டியைத் துடைத்துவைத்தேன்; இன்று காலை ஆண் முராய் மறுபடியும் கூரைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பெட்டிக்குப் பலகை மிச்சம் இருக்கிறது. வரும்போது உன் துளை போடும் மெஷினைக் கொண்டுவா. இதையாவது வட்டமாகப் போடுவோம்.

உன் பழைய லயத்துக் கூட்டாளி