காத்திருக்கும் நாள்களை எண்ணுங்கள்: சிறார் நீதிமன்றங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மலேசியக் கூட்டரசு நீதிமன்றத் தலைமைப் பதிவாளர் அலுவலகம், சமூக நல இலாகா, சுகாதார அமைச்சு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது செந்தூலில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் தலைநகரத்து நீதிமன்றங்களில்தான் போனது. அதில் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது கொலை வழக்குகளோ கடத்தல் வழக்குகளோ இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் சிறார் நீதிமன்றம்தான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது பதினைந்து. அடுத்தவர் மோட்டார் சைக்கிளை எடுத்து ஓட்டியதாக வழக்கு. மாஜிஸ்திரேட் அம்மா கனிவானவர். ஏன் எடுத்தாய் என்று மெதுவாகத்தான் கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி தூக்கம் வரலைங்க. ஓட்டிக்கிட்டே இருந்தா உள்ள கொஞ்சம் சும்மா இருக்கும்" என்றான்.

நான் மலாயில் சொன்னது, "தூக்கம் வராததால் ஓட்டினானாம்" என்பது மட்டும்தான். "உள்ள சும்மா இருக்கும்" என்பதை நான் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அதற்கு மலாயில் சொல் கிடைக்கவில்லை. அடுத்த வழக்கும் காத்திருந்தது. பிறகு பையனைப் பற்றி நீதிமன்றத்துக்கு வந்த நன்னடத்தை அறிக்கையில் அது "இரவில் ஊர் சுற்றும் பழக்கம் உள்ளவன்" என்று ஆகியிருந்தது. அப்பா இறந்து ஏழு மாதம் என்பதையும், தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கும், விடிய விடிய வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பான் என்பதையும் அவன் அம்மா என்னிடம் நடைக்கூடத்தில்தான் சொன்னார். துப்புரவு வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்தப் பேச்சு எந்தத் தாளிலும் ஏறவில்லை.

அப்புறம் மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். தேதி கிடைக்க நாளானது. மருத்துவர் அறிக்கை வரவில்லை என்று மூன்று முறை வழக்கைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது பையன் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். யாரும் கொடுமை செய்யவில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அந்த வழக்கில் ஆள் ஆளாகத் தேடிப் பார்த்தேன், குற்றம் சொல்ல எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் நல்ல சட்டம். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்கார வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் 90ஆவது பிரிவு, பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அறிக்கையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது. பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு எல்லாம் அதில் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். நாட்டில் வேறு எங்கே ஒரு பிள்ளையின் வாழ்க்கையை இவ்வளவு பக்கங்களில் எழுதி வைக்கிறோம்? அத்தனையும் ஒரு வழக்குக்காக ஒரு முறை படிக்கப்பட்டு, கோப்புக்குள் போய், அலமாரியில் ஏறிவிடுகிறது. நூறு அறிக்கையை ஒரே மேசையில் பரப்பி வைத்து, இவை சேர்ந்து நமக்கு என்ன சொல்கின்றன என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தரவுப் பகுப்பாய்வு என்றதும் பெரிய கணினி, பெரிய செலவு என்று மிரள வேண்டாம். நான் கேட்பதன் முதல் படி இவ்வளவுதான்.

என்னிடம் ஒரு 555 நோட்டு இருந்தது. மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன நோட்டு. சிறார் வழக்கு தள்ளிவைக்கப்படும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போடுவேன். பெயர் இருக்காது, வழக்கு எண் இருக்காது, காரணம் மட்டும். வழக்கறிஞர் வரவில்லை, சாட்சி வரவில்லை, பெற்றோர் வரவில்லை, அறிக்கை தயாராகவில்லை. ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, அறிக்கை தயாராகவில்லை என்ற கடைசிக் காரணத்துக்குப் போட்ட கோடுகள்தான் பக்கம் தாண்டிப் போயிருந்தன. அன்றாடம் நடக்கும்போது அது எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு வழக்குதானே தள்ளிப் போகிறது! கோடுகளாகச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது.

உங்களிடம் இருப்பது என் நோட்டைப் போல ஆயிரம் மடங்கு. வழக்குத் தேதிகள் நீதிமன்றக் கணினியிலேயே இருக்கின்றன. நன்னடத்தை அறிக்கை சமூக நல இலாகாவிடம். மருத்துவமனைத் தேதி சுகாதார அமைச்சிடம். கூட்டரசு நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பகிர 2025இல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீதித்துறை தனி என்பது எனக்குத் தெரியும், அது தனியாக இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையை மனநலச் சோதனைக்கு அனுப்பச் சொன்ன நாளுக்கும், அவன் மருத்துவர் முன்னால் உட்கார்ந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று கணக்கெடுப்பதால் யார் சுதந்திரமும் குறையப் போவதில்லை.

அப்படி எண்ணும்போது சராசரியோடு நின்றுவிடாதீர்கள் என்று தாழ்மையோடு கேட்கிறேன். ஒன்பது பிள்ளைகள் இரண்டு வாரத்திலும் ஒருவன் எட்டு மாதத்திலும் மருத்துவரைப் பார்த்தால், சராசரி ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட ஐந்து வாரம் காத்திருக்கவில்லை! நடுவில் இருப்பவன் எத்தனை நாள், கடைசியில் இருப்பவன் எத்தனை நாள் என்று இரண்டையும் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பிள்ளை எந்த மாவட்டம், எந்த மருத்துவமனை, வீட்டில் எந்த மொழி என்று பாருங்கள். அங்கேதான் வேலை இருக்கிறது.

இது வெகு சிலரின் பிரச்சினை என்று நினைக்க இடமில்லை. சுகாதார அமைச்சு 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளைகளின் கணக்கு அது. நீதிமன்றப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அந்த ஆய்வு நடந்த நாளில் வகுப்பிலேயே இருந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் சிகாகோவில், தடுப்புக் காவலில் இருந்த 1,829 இளையர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். பையன்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண்பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அது அவர்கள் ஊர்க் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம் கணக்கை நாமே எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எப்படி எடுப்பது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 52 கேள்விகள், 12 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கேட்பதற்கு மருத்துவர் தேவையில்லை. நோய் இதுதான் என்று அது சொல்லாது. இந்தப் பிள்ளையை இன்றைக்கே யாராவது பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். முதல் நாள், முதல் விசாரணைக்கு முன்பே, எல்லாப் பிள்ளையிடமும் அதே கேள்விகளைக் கேட்டால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும். ஓர் அதிகாரி கேட்டு, இன்னொருவர் கேட்காமல் விட்டால், கேட்ட மாவட்டத்தில் மட்டும் நோய் இருப்பது போலத் தோன்றும்.

இங்கே மொழிதான் எனக்குப் பெரிய கவலை. நம் பிள்ளைகள் "மனச்சோர்வு" என்று சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. "வெறுத்துப் போச்சு" என்பார்கள். "தலை பாரமா இருக்கு", "ஒன்னும் புடிக்கல", "கடுப்பா இருக்கு" என்பார்கள். அம்மாமார் "புள்ளைக்கு யாரோ என்னமோ செஞ்சிட்டாங்க" என்று சொல்லி, கோயிலில் கட்டிய கயிற்றைக் காட்டுவார்கள். "கடுப்பா இருக்கு" என்பதை மலாயில் கோபம் என்று மொழிபெயர்த்தால் அந்தப் பிள்ளை முரடன் என்ற கட்டத்தில் போய் விழுவான். அது பல நேரம் கோபமே கிடையாது. தப்பான கட்டத்தில் விழுந்த பதில்களை எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் தப்பான கணக்குதான் வரும். அதனால் கேள்விகளைத் தமிழிலும் மாண்டரினிலும் இபானிலும் கடசானிலும் எழுதி, அந்தந்த மொழிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பதிவில் இனத்துக்கு ஒரு கட்டம் எப்படியும் இருக்கும். பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னான் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். இனக் கட்டம் எங்கள் பிள்ளைகள் மேல் ஏற்கனவே இருக்கும் பழிக்கு இன்னொரு சான்றாகிவிடலாம். மொழிக் கட்டம் எந்த மொழிக்கு ஆள் போதவில்லை என்று காட்டும்.

இதில் ஒரு பயமும் எனக்கு உண்டு. 2020இல் சபா, சரவாக் நீதிமன்றங்களில் தண்டனையைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு அது சரியா இல்லையா என்று சட்டம் படித்தவர்கள் பேசட்டும். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் மறுபடி குற்றம் செய்யக்கூடியவர் யார் என்று மதிப்பெண் போட்ட மென்பொருளை 2016இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பிறகு எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரை, அதே நிலையில் இருந்த வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அது ஆபத்தானவர் என்று தப்பாகக் குறித்திருந்தது. பழைய கோப்புகளில் "ஊர் சுற்றும் பழக்கம்" என்று எழுதியதைப் படித்து வளரும் இயந்திரம், அடுத்த பையனைப் பார்த்தும் அதையேதான் சொல்லும். அந்த வரி அங்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண் போட வேண்டுமென்றால் கிளினிக்குக்கும், இலாகாவுக்கும், தள்ளிவைத்த தேதிகளுக்கும் போடுங்கள்.

அதே போல, முதல் நாள் கேள்விகளுக்குப் பிள்ளை சொல்லும் பதில் அவனுக்கு எதிரான சாட்சியமாகக் கூடாது என்று எழுத்தில் வேண்டும். கஞ்சா பிடித்தாயா என்ற கேள்விக்கு உண்மை சொன்னால் இன்னொரு வழக்கு வரும் என்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. எனவே அந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது, நீங்களே விதி செய்ய வேண்டும். எண்ணிக்கையை வெளியிடும்போதும் கவனம் வேண்டும். ஒரு சிறிய மாவட்டத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் என்று அச்சிட்டால் ஊருக்கே யார் என்று தெரிந்துவிடும். அப்படிச் சிறிய எண்களைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு நடப்பதையும் எண்ணச் சொல்லிக் கேட்கிறேன். நன்னடத்தைப் பிணையில் அனுப்பும்போது "ஆலோசனைக்குப் போக வேண்டும்" என்று மொழிபெயர்த்துச் சொன்னவள் நான்தான். போனார்களா என்று எனக்குத் தெரிய வந்ததே இல்லை. உத்தரவு போட்ட மாஜிஸ்திரேட்டுக்காவது தெரிய வேண்டாமா? ஆறு மாதம் கழித்து ஒரு பக்கத் தாள் அவர் மேசைக்கு வரட்டும்: அனுப்பியது இத்தனை பேர், முதல் சந்திப்புக்குப் போனது இத்தனை பேர், மூன்றாவது சந்திப்பு வரை தொடர்ந்தது இத்தனை பேர். போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று நன்னடத்தை அதிகாரி ஒரு வரி எழுதட்டும். பேருந்து இல்லையா, அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லையா, போன இடத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லையா? அந்த ஒரு வரிகளைச் சேர்த்துப் படித்தால் அடுத்த உத்தரவை வேறு மாதிரி எழுதத் தோன்றும்.

நம் நாட்டால் முடியாத காரியம் இல்லை இது. தற்கொலைக்கு முயன்றவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்ற 309ஆவது பிரிவு தண்டனைச் சட்டத்தில் எத்தனையோ காலமாக இருந்தது. 2023இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அந்தப் பிரிவின் கீழ் நின்றவர்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று காலைப் பசியாறல் எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு ஆறுதல்.

ஒரே ஒரு நீதிமன்றத்தில், ஒரு வருடம், முயன்று பாருங்கள். தமிழ்க் கேள்விகளை எழுத ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். முதல் கேள்வியை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: "ராத்திரியில தூக்கம் வருதாப்பா? வரலைன்னா, அந்த நேரத்துல உள்ள எப்படி இருக்கு?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்