கணக்கு எண் கூட்டிக் கழிக்கும் எண் அல்ல

கல்வி உதவித்தொகை இணையதளத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த ஆண்டும் மாணவர்களின் பணம் ‘தவறான கணக்கு எண்’ என்று திரும்பியிருக்கிறது. சரிபார்க்காமல் ஏற்றியதாகப் பள்ளி அலுவலகங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோவும் வந்துவிட்டது. தவறு நடக்கும் இடம் வேறு.

மொத்தப் பதிவேற்றத்துக்கு சிஎஸ்வி கோப்பை (தரவுகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்திருக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) மட்டுமே ஏற்கிறீர்கள். அதை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்ததும் 16 இலக்கக் கணக்கு எண் ‘4.58712E+15’ என்று சுருங்கிவிடுகிறது. எழுத்தர் அந்தச் செல்லை ‘நம்பர்’ ஆக்கி, தசமத்தை நீக்குகிறார். 16 இலக்கமும் திரும்பிவிட்டதாகத் தெரிகிறது. திரும்பவில்லை. எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்திருக்கும்; கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகியிருக்கும். சேமித்தபின் அசல் எண் அந்தக் கோப்பில் எங்குமே இல்லை. பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்கு எண்ணானால் முன்பக்கமும் குறைந்துவிடும். உங்கள் படிவமோ, எண்ணாக இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொள்கிறது. தொலைந்த அந்த ஓர் இலக்கம் ஒரு மாணவியின் விடுதிக் கட்டணம்.

கோப்பை ஏற்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையின் தரவு வகையையும் சோதியுங்கள். கணக்கு எண்ணை ‘டெக்ஸ்ட்’ ஆகப் படித்து, அந்தந்த வங்கியின் இலக்க எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு கோப்பிலுள்ள 16 இலக்க எண்கள் அத்தனையும் பூஜ்ஜியத்தில் முடிந்தால் அது தற்செயல் அல்ல, அங்கேயே நிறுத்துங்கள். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம். அங்கே ஆங்கில ‘ஓ’ இருந்தால் பிடிக்க ஒரு வரி நிரல் போதும்.

பிறந்த தேதியிலும் இதே கதைதான். அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் 05/06/2010 மே 6 ஆகிவிடும். 25/06/2010 தேதியாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பின்னது நிராகரிக்கப்படுவதால் கண்ணில் படுகிறது. முன்னது சத்தமில்லாமல் உள்ளே போய் ஆதார் விவரத்தோடு முரண்படுகிறது.

எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே சில மனித மரபணுக்களின் பெயர்கள் மாற்றப்பட்டதை 2020-இல் உலகம் பார்த்தது. மாணவர்களால் கணக்கு எண்ணை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. மென்பொருளின் குணம் இத்தனை காலமாகத் தெரிந்திருந்தும் பழி ஏன் எழுத்தர் மேலேயே விழுகிறது?

மீண்டும் கேட்கிறோம்: ஏற்கும்போதே வகையைச் சோதியுங்கள். ‘பதிவேற்றம் தோல்வி’ என்று மட்டும் சொல்லாமல் எந்த வரிசை, எந்த நெடுவரிசை, என்ன காரணம் என்று காட்டுங்கள். சரியான வரிசைகளை ஏற்று, மற்றவற்றை மட்டும் திருப்பியனுப்புங்கள். நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ ஆக முன்பே அமைத்த எக்செல் படிவத்தைத் தாருங்கள். அதிலும் வேறிடத்திலிருந்து ஒட்டினால் வகை மாறக்கூடும் என்பதால் சோதனை கட்டாயம் வேண்டும்.

அடுத்த பதிவேற்றம் தொடங்குமுன் இவற்றைச் செய்துதருமாறும், அதுவரை மெமோக்களை நிறுத்திவைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.