வளையமாதேவி வயலும் முப்பந்தல் காற்றாலையும்

விருத்தாசலம்

அன்புள்ள முத்தையா,

நலம். வீட்டில் எல்லோரும் சுகந்தானே? உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பக்கத்திலேயே நெய்வேலி இருக்கு, உங்களுக்கென்ன குறை?" என்று அன்றைக்குப் போனில் கேட்டாய். போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுதுகிறேன்.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாகப் பழுப்பு நிலக்கரி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அந்தச் சம்பளத்தில் தலையெடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறதே, அதுதான் வினை. அழுத்தத்தைக் குறைக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பொங்கிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பக்கம் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் வழியும் என்பார்கள் பெரியவர்கள். இப்போது சம்சாரிகள் மோட்டாரைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போகிறார்கள். இத்தனை பாடுபட்டு எடுக்கும் பழுப்பு நிலக்கரியோ, எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயுவும் நல்ல நிலக்கரியைவிட அதிகம்.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வளையமாதேவி உனக்கு ஞாபகமிருக்கும். 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிருக்குள்ளேயே நெய்வேலி சுரங்க நிறுவனத்தார் பொக்லைனை இறக்கினார்கள். பச்சைப் பயிர் சேற்றோடு புரண்டு கிடந்த படத்தை இன்னமும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. நிலம் பல வருஷம் முன்பே கையகப்படுத்தியதுதான், சட்டம் அவர்கள் பக்கம் பேசலாம். ஆனாலும் அறுவடைவரை ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. அதே வருஷம் மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி என்று டெல்டாவையும் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஊரே கொதித்து எழுந்த பிறகுதான் விட்டார்கள்.

உன் ஊர்ப்பக்கம் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிறது, அதன் காலடியிலேயே வாழை நிற்கிறது. இங்கே சுரங்கம் வந்தால் மேல்மண் முதற்கொண்டு எல்லாமே போய்விடும். திரும்ப மண்ணைக் கொட்டி மரம் நடுகிறார்கள்தான். ஆனால் அந்தப் பழைய நஞ்சை திரும்புமா? காற்று மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைதான் வலுவாக வீசும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குத்தான் வெயிலும் சேமிப்பும் வேண்டும் என்கிறேன். பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, ராத்திரி இறக்கி மின்சாரம் எடுக்க நீலகிரியில் குந்தா திட்டம் இருக்கிறது, 500 மெகாவாட். அதுபோல இன்னும் பல வேண்டும்.

இதில் எனக்கு உறுத்துவது வேலைதான். நெய்வேலி நிறுவனமே 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் எடுக்கிறது, ஆனால் சோலார் பண்ணைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. நிலம் கொடுத்தவன் பிள்ளையும் ஒப்பந்தத் தொழிலாளியும் எங்கே போவார்கள்? சுரங்கத்தை மூடும் தேதியைக் குறிப்பதற்கு முன்னாலேயே அவர்களுக்கு வழி பண்ணிவிட வேண்டும். புதுச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம், அதற்கு எதற்காகவும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டாயிற்று. மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காற்றாலைக்கு நிலம் விட்ட உன் பக்கத்து ஆட்களுக்கு வாடகை ஒழுங்காக வருகிறதா, இல்லை நிலத்தை மொத்தமாக எழுதி வாங்கிவிட்டார்களா? பாதை போடும்போது ஓடை, குளத்து வரத்துக்கால் எதையும் அடைத்தார்களா? விசாரித்து எழுது. இங்கே வரும் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், உண்மை நிலவரம் தெரியாமல் காற்றாலையைப் புகழ எனக்கு மனசில்லை.

அன்புடன்,
பழனிவேல்